கஜனுக்கு ஒரு கோல் எடுங்கோ

ஐயோ இல்லைத் தம்பி, உங்கட வேலையில பிழை பிடிக்க நான் வரேல்ல. சத்தியமா இல்லை. நீங்கள் செய்த வேலைக்கு என்ர மகன் உங்களைத் தலையில வச்சுக் கூத்தாடுறான், நான் ஏன் குறை சொல்லப் போறன்? ஒரே ஒரு கோல் எடுங்கோ எண்டுதான் கேக்கிறன். கஜன், காரை ஓரமா நிப்பாட்டு, ஹைவேயில ஏறாத, நான் வந்து பாக்குமட்டும் அசையாத எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான். நீங்கள் சொன்னாக் கேப்பான். நான் சொன்னாக் கேக்கமாட்டான்.

ஆரா? பாத்தியளே, வந்த பதட்டத்தில நான் ஆரெண்டே சொல்லேல்ல. நான் கஜேந்திரன்ர அம்மா, யோகேஸ்வரி. வெள்ளவத்தை. அந்தக் கறுத்த ஜேர்மன் கார், பழசு, சூப்பர்சார்ஜர் இருக்கிற கார். போன மாசம் நீங்கள்தானே அதைக் கழட்டிப் பூட்டினது. ஓம் ஓம், அந்தக் கஜன்தான். வீட்டில சதா உங்கட பேர்தான், ரொனி அண்ணை, ரொனி அண்ணை எண்டு. கொட்டாஞ்சேனையில கராஜ், அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட எண்டு அவன் ஆரோடயோ கதைக்கேக்க கேட்டனான். அதை வச்சுத்தான் த்ரீவீல்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தன். அவன் என்ர சிங்களத்தைக் கேட்டுப்போட்டு நேர துறைமுகத்துக்கே கொண்டுபோகப் பாத்தான்.

வேண்டாம் தம்பி, கதிரை வேண்டாம். இப்ப என்னால இருக்க ஏலாது. நிண்டே கதைக்கிறன். நீங்கள் அந்த ஸ்பனரை வச்சிட்டுக் கையைத் துடையுங்கோ. போன் எங்க உங்கட?

ஏன் எண்டு கேக்கிறியள். நியாயம்தான். ஓடிக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சும்மா கோல் எடுத்து நிப்பாட்டெண்டு சொல்ல ஏலாதுதான். சரி, பெல்ட்ல ஒரு சந்தேகம் எண்டு சொல்லுங்கோ. என்ன? பெல்ட் எண்டு நான் ஏன் சொன்னனான்? ஒண்டுமில்லை, சும்மா வாயில வந்தது. பெல்ட்டை விடுங்கோ. ஒயில் எண்டு சொல்லுங்கோவன். சூப்பர்சார்ஜருக்குள்ள விட்ட ஒயில் பிழையான ஒயில், மாத்தி விட்டுட்டன், கொண்டுவா எண்டு சொல்லுங்கோ. ஐயோ கோவிக்காதேங்கோ தம்பி. நீங்கள் பிழையான ஒயில் விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியாதே? ஒரு சாட்டுக்குச் சொன்னனான்.

என்ர போனிலயா? எடுத்தனான் தம்பி. எடுத்தெடுத்துக் கை ஓஞ்சு போச்சு. ரிங் போகும், எடுக்கமாட்டான். அது அவன்ர பழக்கம். கார் ஓடேக்க அம்மான்ர கோல் எடுக்கிறதில்லை. எடுத்தா நான் மெதுவாப் போ, மெதுவாப் போ எண்டு கத்துவனாம், அதாலதான் அக்சிடென்ட் வருமாம். கேட்டியளே கதையை! வொய்ஸ் மெசேஜும் விட்டனான். அதையெல்லாம் சேத்து வச்சு, நேரம் கிடைக்கேக்க ஒண்டாக் கேப்பான், கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். ஆனா ரொனி அண்ணை எண்டு போனில விழுந்தா, சாப்பிட்ட கையோட எழும்பி ஓடுவான். நான் கண்ணால கண்டனான்.

எங்க போறானா? காலிக்கு. நிஷாந்தியைக் கூட்டிக்கொண்டு போறான். அவன் கட்டப்போற பிள்ளை. களுபோவில ஆஸ்பத்திரியில நேர்ஸ். நைட் டூட்டி முடிஞ்சு வாற பிள்ளையை அங்க ஏத்திக்கொண்டு, கொட்டாவையால ஹைவேயில ஏறிக் காலிக்கு. அவளின்ர தமக்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பாக்கப் போகினம். டூட்டி முடிஞ்சு உடுப்பு மாத்தி வெளிய வர அவளுக்கு எப்பவும் பிந்தும். அதை நினைச்சுத்தான் நான் இப்ப மூச்சு விடுறன். இன்னும் ஹைவே ஏறியிருக்கமாட்டான். என்ன, ஏறியிருப்பானே?

அவளின்ர நம்பர் என்னட்ட இல்லைத் தம்பி. கேக்கேல்ல. இன்னும் கலியாணம் பேசி முடியேல்ல, அதுக்குள்ள மாமி நம்பர் கேட்டா என்ன நினைப்பாளோ எண்டு பேசாம இருந்திட்டன். பேய் வேலை. இப்ப தலையில அடிச்சுக்கொள்ளுறன்.

ஓம், நான் பயந்தாங்கொள்ளிதான். அதை அவனே உங்களுக்குச் சொல்லியிருப்பான். சாவிக் கதை சொன்னவனே? சொல்லியிருப்பான், கொழும்பு முழுக்கச் சொல்லித் திரியிறான். ஒருக்கா அவன்ர கார்ச் சாவியை எடுத்து அரிசி வாளிக்குள்ள தாட்டு வச்சனான். வீடு முழுக்கத் தேடினான். நானும் அவனோட சேந்து தேடினனான். கட்டிலுக்குக் கீழ எல்லாம் குனிஞ்சு பாத்து, எங்க போச்சோ தெரியேல்லயே எண்டு பெருமூச்சும் விட்டனான். பிறகு சமைக்கேக்க நினைப்பில்லாம அளக்கிற சுண்டுப் பேணியை விட்டு அரிசி அள்ளுறன், அவன் பக்கத்தில நிக்கிறான், சாவி சுண்டுக்குள்ள வந்து கிடக்குது. முதல்ல சிரிச்சவன். பிறகு சிரிப்பை விட்டுட்டு, அம்மா, இன்னொருக்கா என்ர காரில கை வச்சியள் எண்டா நான் வேற வீடு பாத்துக்கொண்டு போயிடுவன் எண்டான். கத்தேல்லத் தம்பி, மெதுவாச் சொன்னான். கத்திச் சொன்னா அவன் ஒண்டும் செய்யமாட்டான், மெதுவாச் சொன்னாச் செய்வான். தேப்பனும் அப்பிடித்தான். அவர் செத்தாப் பிறகு அந்த வீட்டில நானும் இவனும்தான். இவனும் போனா நான் சுவரோடதான் கதைக்கோணும்.

அதாலதான் உங்களைச் சொல்லச் சொல்லுறன். நீங்களாச் சொல்லுறமாதிரி. நான் இங்க வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

கார் எண்டு எனக்குப் பயமில்லைத் தம்பி. முந்தி ஒரு சின்னக் கார் வச்சிருந்தவன், அதில கதிர்காமம் வரைக்கும் போய் வந்தனான், வழி முழுக்க நித்திரை. இந்தச் சாமான்தான் எனக்கு ஒத்துவரேல்ல. இந்தச் சூப்பர்சார்ஜர். காத்தைப் பிடிச்சு எஞ்சினுக்குள்ள திணிக்கிறதாம், அதாலதான் அவ்வளவு பாய்ச்சலாம். எனக்கு எல்லாம் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில வேற கதை இல்லையே. உள்ளுக்க ரெண்டு முறுக்கின உருளை, ஒண்டோடொண்டு தொடாமச் சுத்துமாம். தொட்டா முடிஞ்சுதாம். பேரிங் போனா தகரம் உரஞ்சிற சத்தம் வருமாம். அதுக்கெண்டு தனி ஒயிலாம், எஞ்சின் ஒயில் வேறயாம். நீங்கள் அண்டைக்கு அதுக்குள்ள இருந்து வடிச்ச பழைய ஒயிலை இவன் ஜாம் போத்தில்ல வாங்கிக்கொண்டு வந்து, பாருங்கோ அம்மா எவ்வளவு கறுத்துப் போச்செண்டு, எனக்குக் காட்ட மேசையில வச்சிட்டுப் போயிட்டான். நான் புளி கரைச்சு வச்சது எண்டு நினைச்சுக் குழம்புக்கு விடப் போனன். மணம் வந்தபடியாத் தப்பினம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. சிரிச்சுக்கொண்டே நம்பரை அடியுங்கோ.

நல்ல நிலையில இருக்கெண்டு சொல்லுறியள். புதுப் பேரிங், புது ஒயில், சத்தமும் நல்ல சத்தம். நல்ல சத்தமோ அது? உங்களுக்கு அது சங்கீதம், எனக்கு அது வேற. தம்பி, உங்களுக்கு என்ன வயசு? கொழும்பிலயே பிறந்து வளந்தனீங்களே? அப்ப உங்களுக்கு விளங்காது. நான் கொக்குவில், சண்டைக்குள்ள இருந்தனான். குண்டு போடுற பொம்மர் குத்தி இறங்கேக்க ஒரு ஊளை வரும், சின்னனாத் தொடங்கி, மேல மேல ஏறி, உச்சந்தலையில வந்து நிக்கும். அந்தச் சத்தம் கேட்டா அடுப்பில இருக்கிறதை அப்பிடியே விட்டுட்டுப் பங்கருக்குள்ள பாயிறதுதான். இவன் எங்கட ஃப்ளாட்டுக்குக் கீழ காரை ஸ்ராட் பண்ணி அக்சிலேற்றரை மிதிக்கேக்க அதே ஊளைதான் வரும். மூண்டாம் மாடியில நான் சட்டியைக் கீழ போடுறன். இவ்வளவு வருசம் போச்சு, இப்பவும் குனிஞ்சு மேசைக்குக் கீழதான் பாக்கிறன். அவனுக்கு இது சொன்னா, அம்மா அது வெறும் காத்து எண்டுறான். காத்துத்தான். எனக்கும் தெரியும். காலுக்குத் தெரியேல்லயே.

இண்டைக்குக் காலமயும் அந்தச் சத்தத்தோடதான் போனவன். போகும்போது கேக்கும், ஒழுங்கை முடியுமட்டும் கேக்கும். இண்டைக்குக் கேக்காது எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். ஒண்டுமில்லை, சும்மா சொன்னன். விடுங்கோ.

சரி, ஒண்டு கேக்கிறன், அறியிறதுக்காக. அந்தச் சூப்பர்சார்ஜரைச் சுத்துற பெல்ட் இருக்குதானே, முன்னுக்குத் தெரியிற கறுத்தப் பெல்ட். அது ஓடேக்க அறுந்து போனா என்ன நடக்கும்? சூப்பர்சார்ஜர் சுத்தாது, ஓம், அது தெரியும். ஊளை நிண்டிடும். கார் மற்றக் கார் மாதிரிச் சாதுவா ஓடும். அவ்வளவுதானே? இல்லையோ? என்ன இல்லை?

திருப்பிச் சொல்லுங்கோ.

எல்லாத்துக்கும் ஒரே பெல்ட்டோ? தண்ணிப் பம்புக்கும்? பற்றறிக்குச் சார்ஜ் குடுக்கிறதுக்கும்? ஸ்டியரிங்குக்கும் உந்தப் பெல்ட்தானோ? ஏன் தம்பி அப்பிடிச் செய்து வச்சிருக்கிறாங்கள், ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பெல்ட் போட்டா என்ன? இவன் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லயே. பொனட்டைத் திறந்து காட்டேக்க, அம்மா இந்தப் பெல்ட்தான் சூப்பர்சார்ஜரைச் சுத்துறது எண்டுதான் சொன்னவன். மற்றது ஒண்டும் சொல்லேல்ல. நான் அதுக்கு மட்டும்தான் எண்டு... அந்தக் கதிரையை இஞ்சால தள்ளுங்கோ தம்பி. இருக்கப் போறன்.

இல்லை, தண்ணி வேண்டாம். ஸ்டியரிங் என்னாகும்? பூட்டிக்கொள்ளுமோ? பூட்டிக்கொள்ளாது, கட்டியாப் போகும். எவ்வளவு கட்டி? திருப்ப ஏலுமோ? பலமாப் பிடிச்சாத் திருப்பலாம். வளைவில ஸ்பீடில போகேக்க திடீரெண்டு கட்டியானா? பழகின ஆள் சமாளிப்பானோ? சமாளிப்பான் எண்டு சொல்லாம ஏன் தம்பி தலையைச் சொறியிறியள்? அறுந்த துண்டு உள்ளுக்க எங்கயாவது போய்ச் சுத்திக்கொண்டா? ஐயோ, அதைச் சொல்லாதேங்கோ. முருகா! அவள் வேற பக்கத்தில இருக்கிறாள். டூட்டி முடிஞ்ச பிள்ளை, சீற்றில சாஞ்சு நித்திரையாப் போயிருப்பாள்.

தெரியும் தம்பி, புதுப் பெல்ட். நீங்களே போட்டது, நல்ல சாமான், வருசக்கணக்கில ஒண்டும் ஆகாது. அதுவா அறாது. அதுவா அறாது எண்டு நானும் நம்புறன். ஆனா அதில ஒரு வெட்டு இருந்தா? பாதி மட்டும் வெட்டுப்பட்டு, மிச்சப் பாதியில ஓடினா? எவ்வளவு தூரம் தாங்கும்? கொழும்புக்குள்ள நெரிசல்ல தாங்கும், ஹைவேயில இழுத்து மிதிக்கேக்கதான் போகும். அப்பிடித்தான் நானும் பயந்தன்.

எப்பிடி வெட்டுப்படும் எண்டோ? அது... எலி. ஓம் தம்பி, எலி. எங்கட பார்க்கிங்கில எலி. கடற்கரைப் பக்கமெல்லே, அதுகளுக்கு என்ன குறைச்சல். இண்டைக்குக் காலம பொனட்டுக்குள்ள இருந்து ஒண்டு பாஞ்சு ஓடினதைக் கண்டனான். இவ்வளவு பெரிசு. பூனை மாதிரி. எட்டிப் பாத்தா பெல்ட்ல ஒரு கடி. அப்பவே சொல்லியிருக்கலாம்தான். சொல்லேல்ல. மறந்திட்டன், குசினியில சமையல் வேலை. ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறியள்? எலி ரப்பர் தின்னும்தானே? தின்னும் எண்டு நீங்களே சொல்லுறியள், பிறகென்ன? எடுங்கோ கோலை. கும்பிட்டுக் கேக்கிறன். கெதியா.

ரிங் போகுதோ? ஸ்பீக்கரில போடுங்கோ. நான் கதைக்கமாட்டன், மூச்சும் விடமாட்டன்.

எடுத்திட்டான். பாத்தியளே, ரெண்டாம் ரிங்கிலயே எடுத்திட்டான். கடவுளே. கேளுங்கோ, எங்க நிக்கிறாய் எண்டு கேளுங்கோ. கொட்டாவையோ? டிக்கெட் எடுத்து உள்ளுக்க போயிட்டானோ! போயிட்டானாம். அந்த ஊளை கேக்குது தம்பி, போனுக்குள்ளால கேக்குது. ஏறுது, ஏறுது. சொல்லுங்கோ, சொல்லுங்கோ, எலியைச் சொல்லுங்கோ.

ஏன் சிரிக்கிறான்? அவளும் சிரிக்கிறாள். காலமதான் பொனட்டைத் திறந்து எல்லாம் துடைச்சுப் பாத்தானாம், ஒரு எலியும் இல்லையாம், பெல்ட் புதுசு மாதிரி மினுங்குதாம். அது அப்ப தம்பி, அது குளிக்கப் போக முதல். இல்லை, அதைச் சொல்லாதேங்கோ. வேற சொல்லுங்கோ. நட்டு ஒண்டு இறுக்க மறந்திட்டன் எண்டு சொல்லுங்கோ. உங்கட பிழை எண்டு சொல்லுங்கோவன் தம்பி, ஒருக்கா, என்ர பிள்ளைக்காக. பேந்து நான் உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன். என்ன, செய்யாத பிழையைச் செய்தனெண்டு சொல்லமாட்டியளோ? இப்பவோ தம்பி பாக்கிறது உங்கட வேலையின்ர மானத்தை!

என்ன கேக்கிறான்? அம்மா அங்க வந்து நிக்கிறாவோ எண்டோ? இல்லை எண்டு சொல்லுங்கோ. இல்லை எண்டு... ஐயோ, சொல்லிட்டியளே. சரி. சரி, சொன்னது சொன்னதுதான். என்ன சொல்லுறான்? அம்மாவுக்கு ஒரு த்ரீவீல் பிடிச்சுக் குடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுங்கோ அண்ணை, காலிக்குப் போய்க் கோல் எடுக்கிறனாம். காலி! வைக்கப் போறான். தாங்கோ இஞ்ச போனை. ஒயில் கையெண்டாலும் பரவாயில்லை, தாங்கோ.

கஜன். அம்மாதான். வையாத. ராசா, வையாத, நான் மெதுவாப் போ எண்டு சொல்ல வரேல்ல. கேள். எலி இல்லை அப்பன். நீ காலம பொனட்டைத் திறந்து வச்சிட்டுக் குளிக்கப் போனாய்தானே, நான் குசினிக் கத்தியைக் கொண்டுவந்து அந்தப் பெல்ட்டை வெட்டினனான். ஓம், நான்தான். முழுக்க வெட்டத்தான் பாத்தன், உள்ளுக்க நூல் மாதிரி என்னவோ இருந்து கத்தி போகேல்ல, அதுக்குள்ள நீ படியால இறங்கி வாறது கேட்டது, ஓடிட்டன். ஸ்ராட் பண்ணேக்கயே அறுந்திடும், நீ வீட்டில நிப்பாய் எண்டு நினைச்சன். அது அறேல்ல, நீ போயிட்டாய். ஸ்டியரிங்குக்கும் அதுதான் எண்டு எனக்குத் தெரியாது ராசா, இப்பதான் இந்தத் தம்பி சொன்னவர். ஓம், எனக்கு விசர்தான். ஓம், வேற வீடு பார், நாளைக்கே போ, நான் உடுப்பு மடிச்சுத் தாறன். அந்தப் பிள்ளையும் கேக்கட்டும், ஸ்பீக்கரிலயே ஏசு, எவ்வளவு ஏலுமோ அவ்வளவு ஏசு அப்பன், நான் வாய் திறக்கமாட்டன். அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்து, ஓரமாக் கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டு ஏசு.